இதமியைக் கழற்றியபோது

கோவையில் செந்தூரனுக்குப் பழைய டேப் ரெக்கார்டர்கள் சேகரிப்பதில் பைத்தியம். அன்று ஒரு ரெட்டை ஸ்பீக்கர் செட்டைச் சரிசெய்து, சாப்பிடும்போது பக்கத்தில் வைத்துச் சும்மா பதிவுசெய்து பார்த்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அறைக்குள் போய், பழைய ஹெட்போனை மாட்டுவதற்காகக் காதிலிருந்த இதமியைக் கழற்றினான். ஊரே அணிந்திருக்கும் கருவி அது. கடுமையான, வேதனையான எந்தச் சொல்லையும் இனிமையாக மாற்றித் தரும்.

டேப்பில் மனைவி மேகலையின் குரல் மூச்சிரைத்தது. "ஏனுங்க, நெஞ்சு வலிக்குதுங்க. தாங்க முடியல."

சாப்பிடும்போது அவன் காதில் விழுந்ததோ, "ஏனுங்க, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்றுதான்.

சமையலறைக்கு ஓடினான். மேகலை சுவரோரம் சரிந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

"ஏன் புள்ள, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"ஒரு வாரமாச் சொல்றனுங்க. நீங்க சிரிச்சுக்கிட்டே போறீங்க."

தனியாக அவனால் அவளைத் தூக்க முடியவில்லை. வாசலுக்கு ஓடி அலறினான்: "யாராவது வாங்க! அவளைக் காப்பாத்துங்க!"

எதிர்வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கந்தப்பன் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார்.

"ஆமா தம்பி," என்றார். "இன்னைக்கு நல்ல காத்து."