அறுந்த முனை

“ஊர்க்கூட்டத்துல துரும்பு கிள்ளிப் போட்டு அத்துவிட்ட பொம்பளையவா எனக்குப் பேச வந்திருக்க?”

மொக்கச்சாமியின் குரலில் கோபத்தைவிடத் தயக்கமே அதிகம். சிலமலையில் வெங்காயக் காடு வைத்திருக்கிறார். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை.

போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவருக்கு எதிரே இருந்த சோலைமலை, குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறவன். காய் லோடு வந்த ஜீப்பில் இறங்கியிருந்தான்.

“செல்லக்கிளி எங்க எஸ்டேட்டுதாண்ணே. காய் எடுப்புல அவ கை வேகம் யாருக்கும் வராது. அத்துவிட்டதுலருந்து ஒத்தையில கெடக்கா. லயத்து வீட்டு வரிசையில அவ வீட்டுல மட்டும் விளக்கு எரியிறதில்ல.”

“அதுக்கு நானா கெடச்சேன்?”

“ரேடியோவுல ஒருத்தரு பேசுனாருண்ணே. அணுக்கருவுக்குள்ள குவார்க்குன்னு ஒண்ணு இருக்காம். அது ஒருநாளும் தனியா நிக்காதாம். சேந்திருக்கிறதப் பிடிச்சு இழுத்தா, தூரம் போகப் போகக் கட்டு தளராதாம். மீறி இழுத்து அறுத்தா, இழுத்த பலத்துலயே அறுந்த முனை ரெண்டுலயும் புதுசாத் துணை பொறந்துருமாம்.”

“காட்டுக்குள்ள கெடந்துக்கிட்டு இதையெல்லாமா கேக்குற!” மொக்கச்சாமி சிரித்துவிட்டார். “அப்ப அவ பழைய புருஷனுக்கும் ஒண்ணு பொறந்திருக்கணுமே?”

சோலைமலை ஆறிப்போன டீயை ஊதினான்.

“மனுசனுக்குத் தானாப் பொறக்குமாண்ணே? யாராச்சும் வந்து பேசணும்ல.”

“சரிப்பா, என் கவலை வேற. பிள்ளை இல்லன்னுதான அவள அத்துவிட்டாக? எனக்கு ஒரு பிள்ளை வேணும்.”

“குறை அவகிட்ட இல்ல. மதுரையில டாக்டரு சோதிச்சுச் சொல்லிட்டாரு. குறை அவ புருஷன்கிட்டத்தான். அவன் சொந்தபந்தம் அத மறைச்சு, பழிய இவ தலையில போட்டாக. இவளும் வாயத் தெறக்கல.”

“நீ சொன்னாப் போதுமா? எந்த ஆம்பளை இத ஒத்துக்குவான்? அவனே வந்து நாலு பேரு முன்னால சொல்லட்டும், அடுத்த முகூர்த்தத்துல தாலி கட்டுறேன்.”

சத்தம் கேட்டுக் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சோலைமலை தம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

“குறை என்கிட்டத்தாண்ணே,” என்றான். “நாள் பாருங்க.”