நீலக் கதவு வீடு

சேவியரின் திரையில் ஒருவன் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். வீட்டுக்கே உணவு கொண்டுவந்து தரும் ஒரு கம்பெனியின் விளம்பரம் அது. பழைய கார்ட்டூன் மாதிரி இருக்க வேண்டும், ஓட்டம் மட்டும் நிற்கவே கூடாது என்று கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாய், பூசைக்குக்கூடப் போகாமல் அதை வரைவதிலேயே கிடந்தான் சேவியர்.

மீன்குழம்பு ஆறுகிறது என்று மறுபடியும் சொல்ல வந்த அவன் மனைவி ஜெசிந்தா, நாற்காலிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். ஓடுகிறவனுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் வந்தது, ஒரு விளக்குக் கம்பம் வந்தது, நீலக் கதவு போட்ட ஒரு வீடு வந்தது. திரும்பவும் வேப்பமரம்.

“அந்த வீடு இப்பதானே போச்சு?”

“அதேதான் திரும்பத் திரும்ப வரும். அந்தக் காலத்துல வேலை மிச்சம்னு ஒரே படத்தைச் சுத்தவிடுவாங்க. யாரும் கவனிக்க மாட்டாங்க.”

அவள் இன்னும் ஒரு சுற்று பார்த்தாள்.

“அப்ப அது அவன் வீடாத்தான் இருக்கும். உள்ள போக விடாம ஓட்டிக்கிட்டே இருக்கீங்களே, பாவம்.”

அவன் தலைமுடியை லேசாகக் கலைத்துவிட்டுப் போனாள்.

சேவியர் அந்தக் கதவை மட்டும் அழித்துவிட்டு, ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருப்பதுபோல வரைந்தான். இடுக்கில் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் வைத்தான். படத்தை ஓடவிட்டான். மரம் வந்தது, கம்பம் வந்தது. வீடு வந்தபோது ஓடுகிறவன் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

அப்படி ஒரு படத்தைச் சேவியர் வரையவே இல்லை.

உள்ளே யாரோ தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.