மரத்தில் மோதிய பந்து

ஹீட்டருக்குக் கிட்ட இந்தப் பக்கமாக வந்து இருங்கள், குஞ்சுகளே. ஒரு பந்து கம்பத்துக்கு மேலால் போன கதையைச் சொல்கிறேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எண்பத்தேழாம் ஆண்டு, புரட்டாதி மாதத்து ஞாயிறு. பாரிசின் லாச்சப்பல் பகுதியில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறை. அரிசி மூட்டைகளின் மேல் உதைபந்தாட்டக் கழகங்களின் தலைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாமே ஊர்ப் பெயரில் ஓடிய கழகங்கள். புதிதாகப் பாரிசில் வந்து இறங்குகிற ஆட்டக்காரன் தன் ஊர்க் கழகத்தில் சேர்ந்துவிடுவான். இங்கே கழகம் இல்லாத ஊர்க்காரனை யார் எடுப்பது என்பதில்தான் சண்டை.

மண்டைகள் உடைந்த பிறகு ஒரு விதி வைத்தார்கள். அந்த வருடப் போட்டியில் கடைசியாக வந்த கழகம் முதலில் ஆளைக் கேட்கலாம்.

அந்த வருடம் கடைசியாக வந்தது லாசரின் கழகம்.

லாசருக்கு முப்பத்தெட்டு வயது. பத்தாம் இலக்கச் சட்டை. நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பார். யார் எங்கே ஓடப்போகிறான் என்பது ஓடுகிறவனுக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

கிழமை முழுதும் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். ஞாயிறு பிற்பகல்களில் மட்டும்தான் ஆட்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூவி அழைத்தார்கள்.

ஆனால் முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. பந்து போகவேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்தது. கால் கேட்கவில்லை.

ஆனி மாதத்துக் கடைசி ஆட்டத்தில் ஒரு கோல் பின்னால் நின்றார்கள். முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி கிடைத்தது. அதை அடித்துச் சமன் செய்தால் கடைசியிடம் அவர்களுக்கு இல்லை.

லாசர் ஓடி வந்து அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலால் போய், பின்னாலிருந்த மரத்தில் மோதி விழுந்தது.

அவர் பெனால்டியைத் தவறவிட்டதை அதுவரை யாரும் கண்டதில்லை. கோல் காக்கிற மடுத்தீன் புல்லில் குப்புறக் கிடந்து அழுதான். “கிழடு தட்டிப்போச்சு” என்றார்கள் எல்லைக்கோட்டில் நின்றவர்கள், அவருக்குக் கேட்கும்படியாகவே.

இப்போது பின்னறையில் எல்லோருடைய மனதிலும் ஒரே பெயர்தான் இருந்தது. வாமதேவன். இருபத்தொரு வயது. இங்கே கழகம் இல்லாத ஓர் ஊரிலிருந்து மாசியில் வந்தவன், பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் மச்சான் வீட்டில் தங்கியிருந்தான். அவனும் நடு ஆட்டக்காரன். அவனை எடுக்கிற கழகத்துக்குப் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை.

இளவேனிலில் அவன் பூங்காவில் பந்தடிப்பதை, லாசர் வேலிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்ததாக ஒரு கதை உலவியது. பொறாமை என்று சொல்லிச் சிரித்தார்கள்.

லாசர் அவனைக் கேட்டால் பத்தாம் இலக்கச் சட்டை அவனுக்குப் போய்விடும். கேட்காவிட்டால், அடுத்ததாக ஆளைக் கேட்கிற முறை வின்சன்ற் தலைவனாக இருந்த கழகத்துக்கு.

வின்சன்ற் மூட்டையிலிருந்து முன்னால் சரிந்தான்.

“லாசர் அண்ணை, உங்களுக்குத் தேவை பின்னுக்கு மறிக்க ஒரு ஆள். நீங்கள் நிக்கேக்கை நடுவுக்கு இன்னொருத்தன் என்னத்துக்கு?”

முந்தின வருடங்களில் தன் முறை வந்தபோதெல்லாம் லாசர் மறிக்கிறவர்களைத்தான் கேட்டிருந்தார். தன் இடத்துக்கு ஆள் வைக்காத மனிதன் என்று பேர் எடுத்தவர்.

லாசர் குனிந்து சீமெந்துத் தரையைத் தொட்டார். நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டார். பெருவிரலை முத்தமிட்டார்.

ஊரில் கோயிலடி மைதானத்தில் பழகிய பழக்கம் அது. இதைச் செய்யாமல் அவர் பெனால்டி அடிக்கமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“என்னண்ணை, அரிசி மூட்டைக்கோ பெனால்டி அடிக்கப் போறியள்?” என்றான் வின்சன்ற்.

அறை சிரித்தது.

“வாமதேவன்” என்றார் லாசர்.

சிரிப்பு நின்றது.

கடை வாசலில் அவருடைய மனைவி அருள்மலர் முருங்கைக்காய்ப் பையுடன் காத்திருந்தாள். இருவரும் மெத்ரோ ரயில் பாலத்தின் கீழால் நடந்தார்கள்.

“சட்டையைத் தோய்ச்சு வையும். பெடியனுக்குக் குடுக்கவேணும்” என்றார்.

ஆனி மாதத்து அந்த ஆட்டத்தை அவளும் எல்லைக்கோட்டில் நின்று பார்த்தவள்.

“இஞ்சருங்கோ, அண்டைக்கு நீங்கள் சிலுவை போடேல்லை.”

லாசர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

“வெளியிலை அடிக்கப்போற பந்துக்கு ஆண்டவரை எப்பிடியப்பா கூப்பிடுறது?”

புல்லில் கிடந்து அழுத மடுத்தீனின் முதுகு அவள் கண்ணில் வந்து நின்றது. அவருடைய முழங்காலுக்கு ஏற்றபடி தன் நடையைக் குறைத்துக்கொண்டாள்.

உங்கள் வீடுகள் நிறைந்திருக்கட்டும், குஞ்சுகளே. அங்கே இடம் விட்டு எழும்புகிறவருக்குப் பக்கத்தில், மெதுவாக நடந்து வர ஒருவர் என்றைக்கும் இருக்கட்டும்.