முக்கால் ஸ்கூட்டர்

"எங்கே காட்டு, இன்னிக்கு எதுவரைக்கும் ஏறியிருக்கு?"

கேட்டது பெரியவள். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள். காட்டியது சின்னவள். கொழுந்தனின் மனைவி, மருந்துக்கடையில் பில் போடுகிறவள். ஒரே வீடு, பெரியவள் கீழே, சின்னவள் மாடியில்.

சின்னவளின் போனில் பணம் சேர்க்க ஒரு ஆப் இருந்தது. அதில் ஒரு ஸ்கூட்டர் படம். போடப் போட சக்கரத்திலிருந்து மேலே மேலே சிவப்பு ஏறும். மூன்று வருடமாக ஏறி, சீட்டைத் தாண்டி, இப்போது முக்கால் வண்டி சிவந்துவிட்டது.

"கண்ணாடியும் ஹெட்லைட்டும்தான்க்கா பாக்கி. தினம் ரெண்டு பஸ் மாறிப் போறது இந்த வருஷத்தோட முடிஞ்சிரும்."

"நல்லது, நல்லது," என்றாள் பெரியவள். வாய்தான் சொன்னது. வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? மாடியில் புது ஃபேன் சுற்றினால்கூட இவளுக்குத் தூக்கம் கெட்டுவிடும். இவளும்தான் பத்து வருடமாக பிஸ்கட் டின்னில் சேர்க்கிறாள். நாலு காசு சேர்ந்தால் மெஷின் மோட்டார் போகும், இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்குப் பல் வலிக்கும். இப்போது மகளின் நர்சிங் காலேஜுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். டின்னைக் கவிழ்த்துப் பார்த்தால் கால்வாசிகூடத் தேறவில்லை.

"அக்கா, ஃபீஸுக்கு ஏதாவது குறையுதுன்னா..."

"உன்கிட்ட யார் கேட்டா? எனக்குக் கடவுள் இருக்கார், அவர் பாத்துப்பார். உன்கிட்ட கை நீட்டித்தான் என் பொண்ணு படிக்கணும்னு இல்ல."

சின்னவள் மாடியேறிப் போனாள்.

கடவுளிடம் பேசப் பெரியவளிடமும் ஒரு ஆப் இருந்தது. போன மாதம் அதைப் போட்டுக் கொடுத்ததே சின்னவள்தான். மெயில் ஐ.டி. கேட்டபோது, "எனக்கேது மெயிலு? உன்னோடதையே போட்டுக்கோ," என்று போனை நீட்டியவள் இவள். வேண்டுதலை வாயால் சொன்னால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். நிறைவேறினால் பக்கத்தில் ஒரு டிக் போட்டுக்கொள்ளலாம். எழுதச் சோம்பல்படுகிற பக்தைக்கு வேறென்ன வேண்டும்?

அறைக் கதவைச் சாத்தினாள். போனை உதட்டருகே வைத்துக்கொண்டாள்.

"ஆண்டவா, வெள்ளிக்கிழமைக்குள்ள என் பொண்ணு ஃபீஸுக்கு ஒரு வழி காட்டு."

எழுத்து ஓடி வந்து நின்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்டால்தானே?

"இன்னொண்ணு. அவ அந்த வண்டியில ஏறி என் வாசல் வழியா போறதை நான் பாக்கக் கூடாது. அந்தப் பணம் எப்படியாவது கரைஞ்சு போயிடணும்."

சொன்ன பிறகு லேசாக உறுத்தியது. கடவுளுக்குத் தெரியாத மனசா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சட்டைக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, இருந்த கால்வாசிப் பணத்தோடு காலேஜ் ஆபீஸில் போய் நின்றாள். கையைக் காலைப் பிடித்தாவது ஒரு வாரம் தவணை வாங்கிவிட வேண்டும் என்று எண்ணம்.

கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நேத்தே முழுசா கட்டியாச்சே," என்றார்.

"யாருங்க கட்டினது?"

"ஆன்லைன்ல வந்திருக்கு. யாருன்னெல்லாம் இங்க தெரியாதும்மா. கொஞ்சம் நகருங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

நகர்ந்து, சுவரோரமாக நின்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வீடு வந்து சேர்கிற வரைக்கும் எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துக் கடவுளின் மகிமையைச் சொன்னாள்.

சாயங்காலம் சின்னவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். பெரியவள் அவளை வாசலிலேயே பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"சேதி தெரியுமா? கடவுளே ஃபீஸைக் கட்டிட்டார். நான்தான் சொன்னேனே, யார்கிட்டயும் கை நீட்ட மாட்டேன்னு."

"ரொம்ப சந்தோஷம்க்கா."

"சரி, உன் வண்டி எதுவரைக்கும் வந்திருக்கு? காட்டு."

சின்னவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஆப்பைத் திறந்து, போனைத் தையல் மேஜைமேல் வைத்தாள். சக்கரத்திலிருந்து கண்ணாடி வரைக்கும் வண்டி வெறும் சாம்பல் நிறத்தில் நின்றது. மருந்துக்குக்கூடச் சிவப்பு இல்லை.

"அடப்பாவமே, பணமெல்லாம் எங்க போச்சு?"

"ஒரு செலவு வந்துடுச்சுக்கா. எடுத்துட்டேன்."

பெரியவள் 'த்சொ த்சொ' என்றாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. என்ன செலவு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஒரே வாரத்தில் ரெண்டு வேண்டுதலும் பலித்துவிட்டதே, கடவுள் தன் பக்கம்தான் என்பதில் இனி என்ன சந்தேகம்?

சூட்டோடு சூடாக நன்றி சொல்லிவிட நினைத்தாள். தன் போனை எடுத்து, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டே, முதல் வேண்டுதலுக்கு டிக் போட்டாள்.

மேஜைமேல் இருந்த போன் 'டிங்' என்றது.

இரண்டாவதற்கும் போட்டாள்.

மறுபடியும் 'டிங்'.

பெரியவள் எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அவள் சொன்ன ரெண்டு வேண்டுதலும், ஒரு வார்த்தை மாறாமல், டிக்கோடு அந்தப் போனில் வந்து நின்றன.

தன் போனையும் அந்தப் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதெல்லாம்... உனக்கும் வருதா?"

"மெயில் என்னோடதாச்சேக்கா."

சின்னவள் போனை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ரெண்டு படி ஏறியவள் நின்று, திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"அடுத்த வேண்டுதலை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கக்கா. இப்ப என் கையில சுத்தமா ஒண்ணுமில்ல."