நாடி நோட்டு

"ஏணியில கால வச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றுகொண்டுதான் மனைவி இதைச் சொன்னாள். பெயின்டர் சிரித்தார்.

"இது ஏணி இல்லம்மா, படி. டாக்டரம்மா மேல இருக்காங்க. ஏறணுமா வேண்டாமா?"

"மெதுவா வாங்க. உங்களுக்கு மூச்சு வாங்குமேன்னுதான் நானும் நாலு படிக்கு ஒரு தரம் நிக்கறேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பெயின்டருக்கு மூச்சு வாங்கவே இல்லை. ஆனால் சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

போன மாதம் அவருடைய அண்ணன் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டுக்கு முன்னாலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அந்த வீட்டிலிருந்து திரும்பிய அன்றே மனைவி இவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் நாடி பார்த்து நோட்டில் எழுதினாள். பனியன் கம்பெனியில் உருப்படி எண்ணிக் கட்டுகிறவள். எண்ணிக்கையில் அவளை அசைக்க முடியாது. ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். அவருக்குக் காப்பியை நிறுத்தினாள். பழக்கத்தில் கலந்துவிட்ட இரண்டாவது டம்ளரைக் கொட்ட மனமில்லாமல் தானே குடித்தாள்.

இன்று டாக்டர் சரி என்றால் நாளை சாரம் ஏறலாம். இல்லையென்றால் பிரஷைக் கழுவி வைத்துவிட வேண்டியதுதான்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "முதல் நாள் காலை. மூன்று அடித்தது, ஒன்று காணோம். பிறகு இரண்டு சேர்ந்து ஓடியது." இப்படியே இருபத்தொரு நாள், நாற்பத்திரண்டு வரி.

"இவருக்கு எடுத்த ஈ.சி.ஜி. நல்லா இருக்கு. ஒரு நாள் பூரா மாட்டிவிட்ட கருவியும் குறை சொல்லல. உங்க நோட்டு மட்டும் வேற கதை சொல்லுதே?"

"எது நிஜம் டாக்டர்?" என்றார் பெயின்டர்.

"நல்ல இதயமும் நாம ஓடினா வேகமா அடிக்கும், தூங்கினா நிதானமா அடிக்கும். பயம், காப்பி, தூக்கம் கெடறதுன்னா நடுவுல ஒண்ணு தப்பும். அதுக்கெல்லாம் பொதுவா பயப்பட வேண்டாம். ஆனா நோட்டுல இருக்கற மாதிரி கணக்கு வழக்கே இல்லாம அடிச்சா சும்மா விடக் கூடாது. ரத்த அழுத்தம், தைராய்டுன்னு காரணம் எதுவா வேணா இருக்கலாம். உள்ள ரத்தம் தேங்கி உறைஞ்சு மூளைக்குப் போச்சுன்னா, கை கால் விழுந்துடும்."

"கேட்டீங்களா? நான் சொன்னா ஹெட்மாஸ்டர்னு கேலி பண்ணுவீங்க!" அவள் கண் நிறைந்துவிட்டது.

பெயின்டரைக் கட்டிலில் படுக்க வைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் பச்சைக் கோடு எழும்பி எழும்பி விழுந்தது. பீப்... பீப்... பீப்...

"பாரு, ரெண்டாவது கோட் அடிச்ச சுவராட்டம் ஒரே சீரா போகுது" என்றார் பெயின்டர்.

"அது மெஷின். அதுக்கு என்ன தெரியும்?" அவள் அவர் மணிக்கட்டைப் பற்றினாள். கண்ணை மூடி எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு... இதோ, தப்பிடுச்சு! இப்ப ரெண்டு சேர்ந்து ஓடுது! டாக்டர், ஓடி வாங்க!"

பீப்... பீப்... பீப்... திரையில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டின் மேலிருந்த அவள் கையைப் பார்த்தார்.

"அம்மா, தினமும் இப்படித்தான் பார்ப்பீங்களா? கட்டை விரலாலயா?"

"ஆமா. மத்த விரல்ல எவ்வளவு தேடியும் தட்டுப்படல. இத வச்சு அழுத்தினதும் சட்டுனு கிடைச்சுது. ஏன், தப்பா?"

டாக்டரம்மா அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் மணிக்கட்டில் தன் மூன்று விரல்களைப் பதித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுதாக நின்றார்.

"சார், உங்களுக்கு ஒண்ணுமில்ல, இறங்குங்க. அம்மா படுக்கட்டும்" என்றார் மெதுவாக. "கட்டை விரலுக்குள்ளயும் ஒரு நாடி ஓடுது. இருபத்தொரு நாளா இவங்க எண்ணி எழுதினது இவங்க இதயத்தைத்தான்."