ஆளுக்கு ஒரு பத்தி

சலவைக் கடைக்குள் காலை வெயில் எட்டிப் பார்க்கிறது. இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள் கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு பத்தி பைபிள் வாசிப்பார்கள். விட்ட இடத்திலிருந்துதான், தாண்டக் கூடாது. நேற்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. வாடிக்கையாளரின் சட்டையைக் கருக்கியது மனைவிதான் என்று அவர் முன்னாலேயே கணவன் சொல்லிவிட்டான். இன்று அவனுக்கு வந்த பத்தி, பொய்யை விட்டு உண்மை பேசச் சொல்கிறது. வாசிக்க வாசிக்கக் குரல் இறங்குகிறது. கரிந்த காலரைத் தடவுகிறான். "கருக்கினது நான்தான். அவர்கிட்டயும் நானே சொல்லிடறேன்." நன்றாகக் கேட்டுவிட வேண்டுமென்று இரவெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகளோடு அவள் புத்தகத்தை வாங்குகிறாள். அவளுடைய பத்தி மன்னிக்கச் சொல்கிறது. "என்னையும் விடமாட்டேங்குதே" என்கிறாள்; சிரிப்பு வந்துவிடுகிறது. "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தபடி புத்தகத்தை மூடுகிறாள். பெட்டி சூடாகியிருக்கிறது, அவள் ஆறியிருக்கிறாள்.