இரண்டாவது அடி

முந்தின நாள் ஆய்வகத்தில் மதிவதனி எலி மூளைச் சீவலின் மேல் சிறு எடையை விழவிட்டபோது, எடை பட்ட இடத்துச் செல்களின் சவ்வு மட்டும் கிழிந்து, மேலே விட்ட சிவப்புச் சாயம் உள்ளே புகுந்திருந்தது. இன்று விட்ட பச்சைச் சாயம் எதற்குள்ளும் நுழையவில்லை. கிழிசல்கள் தாமாகவே மூடிக்கொண்டிருந்தன. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கபடியில் மண்டை மோதி நேற்று மயங்கி விழுந்த தம்பி ஃபோனில் அழைத்தான்.

"அக்கா, தலைவலி சுத்தமா போயிடுச்சு. சாயங்காலம் ஃபைனல். நீ சரின்னு சொன்னாதான் அம்மா விடுவாங்களாம். மூளையைத்தானே படிக்கிற, சொல்லேன்."

"லைன்லயே இரு."

நேற்றைய உயரத்தில் பாதியிலிருந்து எடையை அதே சீவலில் மறுபடி விழவிட்டாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

"என்னக்கா, தூங்கிட்டியா?"

பச்சைச் சாயம் செல் செல்லாக உள்ளே புகுந்து சீவலின் ஓரம்வரை பரவிக்கொண்டிருந்தது.

"அம்மாகிட்ட ஃபோனைக் குடு" என்றாள்.